பகல் வீடும் மாலைப் படிப்பும் ஒரே கூடத்தில்: சித்தூர் தாலுகா எல்லை வார்டுகளுக்கு எது சரிப்படும்?

கிழக்கெல்லை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். கேரளத்துப் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின வேலந்தாவளம், ஒழலப்பதி, எருத்தேம்பதி பக்கத்து வார்டுகளை மனசில் வெச்சுக் கேக்கறேன். பஞ்சாயத்து கட்டின சமுதாயக் கூடம் ஒண்ணு முகூர்த்த நாள் தவிர மத்த நாளெல்லாம் பூட்டியே கிடக்குது. 40 அடிக்கு 20 அடி, முன்னால திண்ணை. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தளம், ஏற மூணு படி. பின்னால ஒரே கழிப்பறை. ஒரு போர்வெல், மாடியில் 1000 லிட்டர் டேங்க்.

குடும்பஸ்ரீ (கேரளத்து மகளிர் குழு அமைப்பு) ஏடிஎஸ் பெண்கள், அதாவது அதோட வார்டு மட்டக் கூட்டமைப்புக்காரங்க, எடுத்து நடத்தத் தயார். பகலில் 20 முதியவர்கள் வந்து இருந்துட்டுப் போற பகல் வீடு, பள்ளி விட்ட பிறகு 25 பிள்ளைகளுக்குப் படிப்பு. அங்கன்வாடி தனிக் கட்டடத்தில் நல்லா நடக்குது, அதைத் தொட வேண்டாம். கேள்வி மூணு: கட்டடத்தில் முதலில் எதை மாத்தணும்? ரெண்டு வயசுக்காரங்களையும் ஒரே கூரையில் வைக்கலாமா? யார் பெயரில், எப்படி நடத்தினா ரெண்டு வருஷத்தில் மறுபடி பூட்டாம இருக்கும்?

மட்டப்பலகை

சாய்தளத்தில் ஆரம்பிக்கணும். அதுதான் எப்பவும் தப்பாப் போகுது. 1-க்கு 12 சரிவு வேணும். உங்க தளம் 18 அங்குல உயரம், அப்ப சாய்தளம் 18 அடி நீளம். மேலயும் கீழயும் சக்கர நாற்காலி திரும்ப 5 அடி சமதளம் தனி. மேஸ்திரிகிட்ட வெறுமனே ‘ஒரு ரேம்ப் போடுங்க’ன்னு சொன்னா படியை ஒட்டி ஆறடியில் முடிச்சுருவார். அது பைக் ஏத்தத்தான் ஆகும். கைத்தடி ஊணற ஆள் அதில் ஏறிடலாம், இறங்கும்போது முன்னால சாஞ்சு விழுவார். 18 அடி நேரா விட இடமில்லைன்னா சுவரை ஒட்டி 9 அடி, நடுவில் திருப்பம், மறுபடி 9 அடி போடலாம்.

கைப்பிடி ரெண்டு பக்கமும் வேணும். வலது கை வராதவருக்கு ஏறும்போது ஒரு பக்கம், இறங்கும்போது மறுபக்கம். 76 செ.மீ., 90 செ.மீ. ரெண்டு உயரத்தில் ரெண்டு வரிசைக் குழாய். சாய்தளம் முடிஞ்ச இடத்திலேயே குழாயை வெட்டாம இன்னும் ஒரு அடி நீட்டி விடுங்க. கால் சமதளத்துக்கு வரும் அந்த நொடியிலதான் கை பிடி தேடும்.

கழிப்பறை: மேற்கத்திய பீடம், உட்காரும் உயரம் 45 முதல் 48 செ.மீ. பக்கச் சுவரில் ஒரு பிடிகம்பி. டவல் கம்பியை மாட்டி ஏமாத்திராதீங்க, அது ஆள் பாரம் தாங்காது. செங்கல்லில் ஆழமா ஆங்கர் போல்ட் போட்டு, ஒரு ஆள் முழு எடையில் தொங்கிப் பார்த்துத்தான் ஒப்புக்கணும். கதவு வெளிப்பக்கம் திறக்கணும். உள்ளே மயங்கி விழுந்தவர் கதவுக்குக் குறுக்கே கிடந்தா, உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் ஒரு காசை வெச்சுத் திருப்பித் திறக்கற மாதிரி இருக்கட்டும். பிள்ளைகளுக்கு இன்னொரு கழிப்பறை கட்டியே ஆகணும், அதில் சமரசம் வேண்டாம். 45 பேருக்கு ஒண்ணு போதாது, ஈரத் தரைக்கும் அதுதான் காரணமாகும்.

தரையில் பளபள டைல்ஸ் இருக்கா? இருந்தா கழிப்பறை வாசலிலும் தண்ணிப் பானை வைக்கற இடத்திலும் மட்டும் சொரசொரப்பு டைல் மாத்துங்க. மொத்தக் கூடத்தையும் பெயர்க்க வேண்டியதில்லை.

ஆஷா_கிழக்கு

மட்டப்பலகை அண்ணா சொன்னதோட நாற்காலியையும் சேருங்க. கல்யாணக் கூடத்து பிளாஸ்டிக் சேரை அப்படியே முதியவர்களுக்குப் போட்டுடறாங்க. எழும்போது அவங்க ஒரு கைப்பிடியில் மட்டும் முழுப் பாரத்தையும் கொடுப்பாங்க. அப்ப பின்கால் ரெண்டும் டைல்ஸில் விரியும், வெயிலில் கிடந்து வெளுத்த சேர்னா காலே பிளந்துரும். கைவெச்ச மரச் சேர் அல்லது இரும்புச் சேர், உட்காரும் இடம் 17, 18 அங்குலம், காலுக்கு ரப்பர் புஷ். 20 வேண்டாம், 12 இருந்தாலே போதும். மீதிப்பேர் திண்ணையிலும் கட்டிலிலும் இருப்பாங்க.

இனி பகல் நேரச் சேவை. பிரஷர் பார்க்கறதைத்தான் எல்லாரும் முதலில் வைப்பாங்க. அதைச் சரியாப் பார்க்கலைன்னா பார்க்காம இருக்கறதே மேல். நடந்து வந்தவரை உட்கார வெச்சு 5 நிமிஷம் பேசாம இருக்கச் சொல்லணும். முதுகு சாய்ஞ்சிருக்கணும், ரெண்டு பாதமும் தரையில் படணும், கை நெஞ்சு மட்டத்தில் மேசை மேல இருக்கணும். அதுக்கு முன்னால அரைமணி நேரம் டீ, வெத்திலைப் புகையிலை, பீடி எதுவும் கூடாது. பட்டையை ரவிக்கைக் கை மேலயே சுத்திடறதும், ஒல்லிக் கைக்கும் பருத்த கைக்கும் ஒரே பட்டை போடறதும் தினப்படி தப்பு. இப்படிப் பார்த்தா ஒருத்தருக்கு எட்டு நிமிஷம் ஆகும். அதனால ஒரே நாளில் 20 பேரையும் முடிக்கப் பார்க்காதீங்க, பத்துப் பத்தாப் பிரிங்க.

தலைசுத்தல், தடுமாற்றம்னு சொல்றவங்களுக்கு உட்கார்ந்து ஒரு தடவை, எழுந்து நின்னு 3 நிமிஷத்துக்குள்ள இன்னொரு தடவை. மேல் எண் 20-க்குக் குறையாம இறங்கினா, விழும் ஆபத்து இருக்குன்னு எழுதி டாக்டர்கிட்ட அனுப்பணும். மேல் எண் 180 அல்லது கீழ் எண் 120-ஐத் தொட்டா, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி பார்த்து உறுதி செஞ்சு அன்னைக்கே அனுப்பணும். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், கை கால் தளர்ச்சி எது இருந்தாலும் மறுபடி பார்க்கறதுக்குக் காத்திருக்காம 108.

அப்புறம் சர்க்கரை. பகல் வீட்டில் காலை 11 மணிக்கு வர மயக்கத்துக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். வீட்டில் மாத்திரையைப் போட்டுட்டு, ‘அங்கதான் சாப்பாடு போடுவாங்களே’ன்னு வெறும் வயித்தோட வந்துருவாங்க. அதனால முதல் சிற்றுண்டியை 10 மணிக்குள்ள கொடுத்துரணும், மதியச் சாப்பாட்டை நம்பி இருக்கக் கூடாது. வியர்த்துக் கை நடுங்கினா குளுக்கோமீட்டரில் பாருங்க. 70-க்குக் கீழன்னா 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில் கரைச்சுக் கொடுத்து 15 நிமிஷத்தில் மறுபடி பார்க்கணும். ஏறலைன்னா இன்னொரு தடவை. மீட்டர் தேடிக் கிடைக்கலைன்னாலும் சர்க்கரையைக் கொடுத்துருங்க. நினைவு தப்பினவர் வாயில் எதையும் ஊத்தக் கூடாது, புரையேறிரும்.

நீர்மாதிரி

யாரும் இன்னும் போர் தண்ணியைக் கேக்கலை. சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பஞ்சாயத்துகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதல்னு பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கு. பாறையிலிருந்து வரது அது, ஆழம் போகப் போகக் கூடும்னுதான் எதிர்பார்க்கணும். குடிநீருக்கான இந்தியத் தரப்படி லிட்டருக்கு 1.0 மி.கி. வரை ஏத்துக்கலாம், வேற தண்ணி இல்லைன்னா உச்சவரம்பு 1.5. பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும் வயசில் இது கூடினா பல்லில் சுண்ணாம்புக் கோடு விழும், பிறகு பழுப்புப் பட்டை. முதியவங்களுக்கு வருஷக்கணக்கில் போனா மூட்டும் முதுகும் இறுகும். மூட்டுவலின்னு மாத்திரை வாங்கிட்டே இருக்கறவங்க வீட்டுத் தண்ணியையும் ஒரு தடவை பார்க்கறது நல்லது.

கொதிக்க வெச்சா ஃபுளோரைடு போகாது. ஆவியாகறது தண்ணி மட்டும்தான், மீதியில் அது இன்னும் கெட்டியாகும். பிளீச்சிங் பவுடரும் இதுக்கு ஒண்ணும் செய்யாது, அது கிருமிக்கு மட்டும். சாதாரண மெழுகுவத்தி ஃபில்டரும் அப்படித்தான்.

பரிசோதனைக்கு ஒரு லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் எடுங்க, கண்ணாடி பாட்டில் வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினை புரியும். மோட்டார் போட்டு அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு, டேங்க் குழாயில் பிடிக்காம போரிலிருந்து நேரா பிடிக்கணும். கிருமிச் சோதனைக்கு லேபில் தரும் கிருமிநீக்கிய பாட்டில் தனியா வேணும். ரெண்டையும் ஒரே பாட்டிலில் கொடுத்தா ஒரு முடிவு வீண். மாதிரியைக் கேரள வாட்டர் அத்தாரிட்டி லேபில் கொடுக்கலாம். மழைக்கு முன்னால மே மாசத்தில் ஒண்ணு, மழைக்குப் பின்னால டிசம்பரில் ஒண்ணு.

எண் கூடுதலா வந்தா என்ன செய்யறது? பைப் தண்ணி வர இடம்னா குடிக்கவும் சமைக்கவும் அதைத் தனிக் குழாயில் கொடுங்க, போர் தண்ணி கழிப்பறைக்கும் கழுவவும் மட்டும். பைப் தண்ணி நாள்விட்டு நாள் வர இடம்னா மழைநீர்த் தொட்டி. மழைத்தண்ணியில் ஃபுளோரைடு இல்லைன்னே வெச்சுக்கலாம். உங்க கூரை 800 சதுர அடி, கிட்டத்தட்ட 74 சதுர மீட்டர். 10 மி.மீ. மழைக்குச் சிந்தினது சிதறினது போக 600 லிட்டர் நிக்கும். செலவு எவ்வளவு? முதியவங்க 20 பேருக்கு ஆளுக்கு 2 லிட்டர், பிள்ளைகளுக்கு அரை லிட்டர், சமையலும் சேர்த்தா நாளைக்கு 60 லிட்டர். டிசம்பர் முதல் மே வரை மாசம் 26 நாள்னு ஆறு மாசத்துக்கு 9,400 லிட்டர் ஆகுது. ஆக 10,000 லிட்டர் தொட்டியை ஐப்பசி மழையில் நிரப்பி மூடி வைக்கணும். சீசனின் முதல் ரெண்டு மழையை வெளியே விட்டுருங்க, கூரையில் இருக்கும் பறவை எச்சமும் தூசியும் அதோட போயிரும். சமுதாயக் கூடம்னா அடுத்த வீட்டுக்காரங்க குடத்தோட வரது சகஜம். அந்தத் தொட்டிக் குழாய்க்குப் பூட்டு வேணும், தாட்சண்யம் பார்த்தா மார்ச்சிலேயே காலி.

வண்ணாமடை_டீச்சர்

பிள்ளைகள் பக்கம் நான் எழுதறேன். முதலில் இதை டியூஷன் ஆக்காதீங்க. வீட்டுப்பாடம் மட்டும் செய்ய வெச்சா, ஏற்கெனவே படிக்கற பிள்ளை முன்வரிசையில் உட்காரும். எழுத்துக்கூட்டத் தெரியாத நாலாங்கிளாஸ் பிள்ளை பத்து நாளில் வரதை நிறுத்திரும். அந்தப் பிள்ளைக்காகத்தான் கூடத்தையே திறக்கறோம்.

வந்த முதல் வாரம் ஒவ்வொருத்தரையும் தனியாக் கூப்பிட்டு நாலு அட்டை காட்டுங்க: எழுத்து, ரெண்டெழுத்து மூணெழுத்துச் சொல், ஒரு வாக்கியம், ஒரு பத்தி. எங்கே தடுமாறுதோ அதுதான் அந்தப் பிள்ளையின் வகுப்பு. பள்ளி வகுப்புப்படி பிரிக்க வேண்டாம், இந்த மட்டப்படி மூணு குழு போதும். மலையாளத்துக்கும் இதேபோல தனி அட்டை. தமிழ் மீடியப் பிள்ளைகளுக்கு மலையாளம் எழுதவும் வந்தாத்தான் நாளைக்கு அலுவலகத்திலும் பிஎஸ்சி (அரசுப் பணித் தேர்வாணைய) பரீட்சையிலும் காலூன்ற முடியும். அதே சமயம் மலையாள மீடியத்தில் போட்ட தமிழ்ப் பிள்ளை வீட்டில் பேசறதைப் படிக்கத் தெரியாம நிக்குது. ரெண்டு பேரையும் ஜோடி சேர்த்தா ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் கொடுக்கறாங்க, பெரியவங்க சொல்றதைவிட வேகமா ஒட்டுது.

நேரம்: 4 மணிக்கு வருகை, கைகழுவல், சிற்றுண்டி. 4.20 முதல் 4.50 வரை வெளி விளையாட்டு. பள்ளியில் நாள் முழுக்க உட்கார்ந்துட்டு வந்த பிள்ளையை மறுபடி நேரா உட்கார வைக்க முடியாது. அப்புறம் 40 நிமிஷம் குழுப்படிப்பு, கடைசி அரைமணி வீட்டுப்பாடம், 6 மணிக்கு முடிவு. மழைக்காலத்தில் 5.45.

சிற்றுண்டிக்குப் பிள்ளைக்கு 40 கிராம் காய்ஞ்ச கடலை, 25 பேருக்கு ஒரு கிலோ. முதல் நாள் ராத்திரி ஊறப் போடணும், மதியம் 2 மணிக்கு வேகவைக்கணும். பங்குனி, சித்திரையில் தேங்காய் போட்ட சுண்டல் இங்கத்த வெக்கைக்கு 4 மணிக்குள்ள நூல்விட ஆரம்பிச்சுரும். கடுகு, மிளகாய் வத்தல், கறிவேப்பிலை தாளிச்சதோட நிறுத்துங்க. அண்ணனோட அக்காவோட தொத்திட்டு வர அஞ்சு வயசுக்குக் கீழ்ப்பட்ட குட்டிகளுக்கு முழுக் கடலையோ முழு நிலக்கடலையோ கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைக்கும். அவங்களுக்கு மசிச்சுக் கொடுங்க. பல்லில்லாத பாட்டிகளுக்கும் அந்த மசிச்சதே ஆகும்.

பாதுகாப்புக்கு மூணு விஷயம், இதில் தளர்த்தல் கிடையாது. ஒண்ணு, எந்நேரமும் பெரியவங்க ரெண்டு பேர், அதில் ஒருத்தர் பெண். ஒருத்தர் வரலைன்னா அன்னைக்குக் கூடம் திறக்காது. ரெண்டு, பிள்ளையை யார் கூட்டிட்டுப் போகலாம்னு பெற்றோர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த பெயர்ப்பட்டியல். ‘மாமா வந்திருக்கேன்’னு யார் வந்தாலும் பட்டியலில் இல்லைன்னா அனுப்பக் கூடாது. மூணு, பிள்ளை ஏதாவது சொன்னா ஊர்ப் பெரியவங்களை வெச்சுப் பேசி முடிக்கற வழக்கத்தை விட்டுரணும். பிள்ளைகளைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கற 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி தெரிஞ்சவர் போலீசுக்குச் சொல்லியே ஆகணும், சொல்லாம மறைச்சா அதுவே குற்றம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ ரெண்டு மொழியிலும், பிள்ளையின் கண்மட்ட உயரத்தில் சுவரில் எழுதுங்க. ஆறடி உயரத்தில் எழுதினா பிள்ளை படிக்காது.

தனித்தனியே_நல்லது

எனக்கு ரெண்டையும் சேர்க்கறதில் சம்மதமில்லை. பிள்ளைகள் ஜலதோஷத்தைக் கொண்டுவருவாங்க, நெஞ்சுச் சளி உள்ள முதியவருக்கு அது நிமோனியா வரைக்கும் போகும். மறுபக்கம், ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் உள்ள முதியவர் சளிப் பரிசோதனை பண்ணாம பிள்ளைகளோட உட்காரக் கூடாது. பிள்ளை ஓடும்போது இடிச்சு, தாத்தாவுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சா எந்தப் பகல் வீடும் தாங்காது. ஒரே கட்டடம் சரி, ஒரே நேரம் வேண்டாம்.

ஆஷா_கிழக்கு

நீங்க சொன்ன மூணும் உண்மை. அதோட நாலாவது ஒண்ணு இருக்கு, அதுதான் எனக்குப் பெரிய பயம்: மாத்திரை. பாட்டி இடுப்பில் சொருகற சுருக்குப்பையைத் திறந்து பாருங்க. வெத்திலை, பாக்கு, சில்லறை, அதோட மருந்துக்கடையில் கத்தரியால துண்டு போட்ட மாத்திரை அட்டை. பெயரும் தேதியும் உள்ள பாகம் கடையிலேயே போயிருக்கும். சின்னதா, வெள்ளையா, மிட்டாய் மாதிரி இருக்கும். கிளிமெபிரைடு, கிளைபென்கிளமைடு மாதிரி சர்க்கரை மாத்திரை ஒண்ணே ஒண்ணு சின்னப் பிள்ளை வயித்துக்குள்ள போனாலும் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும், அதுவும் பல மணி நேரம் கழிச்சுக்கூட. பிரஷர் மாத்திரையும் அப்படித்தான் ஆபத்து. ‘ஒண்ணுதானே, நல்லாத்தானே இருக்கு’ன்னு வீட்டில் வெச்சுப் பார்க்கக் கூடாது. அட்டையையும் எடுத்துட்டு உடனே ஆஸ்பத்திரி.

அதனால வரும்போதே சுருக்குப்பை மாத்திரைகளைப் பெயரெழுதின டப்பாவில் போட்டு அலமாரி மேல்தட்டில் பூட்டணும், போகும்போது திருப்பிக் கொடுக்கணும். 3.45-க்கு ஒருத்தர் குனிஞ்சு சேருக்கடியும் கட்டிலுக்கடியும் பார்த்துக் கூட்டணும். தள்ளிப்போட முடியாது, பிள்ளைகள் 4 மணிக்கு வந்துருவாங்க. சேர்ந்திருக்கற நேரத்தை அரைமணியா வைங்க, அதுவும் கூடத்துக்குள்ள வேண்டாம், திண்ணையில். காத்தோட்டமா இருக்கும், தொத்து குறையும். விளையாட்டு பின்பக்கம், முதியவங்க கிளம்பற வழி முன்பக்கம். காய்ச்சல், இருமல் உள்ள பிள்ளை அன்னைக்குத் திண்ணைக்கு வர வேண்டாம்.

அந்த அரைமணியை விட்டுக் கொடுக்க எனக்கு மனசில்லை. கண் மங்கின தாத்தாவுக்குப் பிள்ளை பத்திரிகை வாசிச்சுக் காட்டும். வாசிப்பும் ஆச்சு, நாள் முழுக்கக் காது கேக்காம ஒதுங்கி இருந்தவருக்கு ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்காகவே பேசினதும் ஆச்சு. ஒரு முதியவருக்கு ரெண்டு பிள்ளை போதும். அஞ்சு பேர் உட்கார்ந்தா அவருக்குக் கேக்காது. கூடத்துக்குள்ள எதிரொலியும் மின்விசிறி இரைச்சலும் காதுக் கருவி போட்டவங்களுக்குப் பெரிய இடைஞ்சல். திண்ணைதான் அதுக்கும் நல்லது.

தனித்தனியே_நல்லது

திண்ணை, அரைமணி, ரெண்டு பிள்ளைன்னா ஒப்புக்கறேன். மாத்திரை விஷயத்தை நான் நினைச்சே பார்க்கலை. அதை வாசலில் எழுதி ஒட்டணும்.

கோப்பு_நம்பர்

மூணாவது கேள்விக்கு வரேன். பூட்டறதுக்குக் காரணம் பெரும்பாலும் மூணு: சாவி, கரண்ட் பில், உதவியாளர் சம்பளம்.

சம்பளம் முதலில். கட்டடத்துக்கும் சேருக்கும் திட்டத்தில் பணம் வைப்பாங்க, தினம் கூட்டிப் பெருக்கி சமைக்கற அம்மாவுக்கு வைக்க மாட்டாங்க. திறப்புவிழா முடிஞ்சு நாலு மாசம் சேவையாச் செய்வாங்க, பிறகு தோட்டவேலைக்குப் போயிருவாங்க. அவங்க மேல தப்பே இல்லை. கிராம சபையில் தீர்மானம் போடும்போதே கௌரவ ஊதியம், சிற்றுண்டி, கரண்ட், பராமரிப்பு நாலையும் தனித்தனி வரியா எழுதுங்க. பணிக்குழு, பஞ்சாயத்து கமிட்டி, மாவட்டத் திட்டக் குழு அங்கீகாரம்னு மூணு கட்டம் தாண்டணும். ஏப்ரலில் திறக்கணும்னா அதுக்கு முந்தின கிராம சபையிலேயே பேச்சை எடுத்திருக்கணும்.

கேஎஸ்இபி (கேரள மின்வாரியம்) பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. இணைப்பு யார் பெயரில் இருக்குன்னு இப்பவே பாருங்க. பழைய கமிட்டித் தலைவர் பெயரில் இருந்தா மாத்திருங்க. சாவி ரெண்டு செட்: ஒண்ணு ஏடிஎஸ், இன்னொண்ணு பஞ்சாயத்து ஆபீஸ். தனி ஆள் வீட்டில் வேண்டாம். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தலில் மெம்பர் மாறுவார், நடத்தற கமிட்டி அவர் பெயரில் நிக்கக் கூடாது.

கல்யாண வாடகையை மறந்துராதீங்க. வைகாசி, ஆவணியில் முகூர்த்தம் நெருங்கினா முதியவங்களைத்தான் வெளியே அனுப்புவாங்க. பஞ்சாங்கத்தைப் பார்த்து, எந்தெந்த நாள் வாடகைக்கு, அன்னைக்கு பகல் வீடு எங்கேன்னு ஒப்பந்தத்திலேயே எழுதணும். பக்கத்தில் வாயனசாலை (படிப்பகம்) இருந்தா அந்த நாளுக்கு அங்கே போகலாம். லைப்ரரி கவுன்சிலில் சேர்ந்த வாயனசாலைகளில் பாலவேதி (பிள்ளைகள் மன்றம்), வயோஜன வேதி (முதியோர் மன்றம்) அமைக்கற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கு. தமிழ்ப் புத்தகம் வாங்கச் சொல்லி எழுத்தில் கேளுங்க, வாய்வார்த்தை நிக்காது.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். 1969-ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமையைக் கொடுக்குது. சிறுபான்மைப் பகுதின்னு அறிவிச்ச இடங்களில் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்கும் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வரணும். மலையாள நகல் ஒண்ணு கூட வெச்சா மேசையில் தங்காம நகரும், அது சௌகரியத்துக்கு மட்டும்.

பென்ஷன் மஸ்டரிங்கையும் (பென்ஷன்காரர் உயிரோட இருக்கார்னு ரேகை வெச்சு உறுதி செய்யறது) கூடத்திலேயே வைக்கச் சொல்லி அரசு இ-சேவை மையமான அக்ஷயாக்காரங்ககிட்ட கேளுங்க. மண்வெட்டி பிடிச்ச கையில் ரேகை தேய்ஞ்சிருக்கும், மெஷின் எடுக்காது. முதல் நாளே வெந்நீரில் கழுவி எண்ணெய் தடவி, காலையில் துடைச்சுட்டு வரச் சொன்னா பாதிப் பேருக்கு எடுக்கும். இல்லைன்னா கண்கருவிழி. அதுவும் ஆகலைன்னா உயிரோடு இருக்கற சான்றிதழைப் பஞ்சாயத்தில் கொடுக்கற வழி இருக்கு, ‘ரேகை விழலை, பென்ஷன் போச்சு’ன்னு வீட்டுக்குப் போயிர வேண்டாம். ஆதாரில் இனிஷியல் முன்னால, பென்ஷன் கார்டில் இனிஷியல் விரிவான்னு இருந்தா அதை மஸ்டரிங் சமயத்தில் கண்டுபிடிச்சுப் பயனில்லை. சேரும் நாளிலேயே ரெண்டு அட்டையையும் பக்கத்தில் வெச்சு எழுத்துக்கெழுத்து ஒப்பிடுங்க.

மருந்துச்சீட்டு

எல்லைக்கே உரிய ஒரு சிக்கல். இங்கே குடும்ப சுகாதார நிலையத்தில் பிரஷருக்கு அம்லோடிபின் இலவசமாக் கொடுப்பாங்க, அட்டையில் மருந்தோட பொதுப்பெயர் இருக்கும். அதே ஆள் பொள்ளாச்சியிலோ கோயமுத்தூரிலோ மகன் கூட்டிட்டுப் போற டாக்டர்கிட்ட அதே மருந்தை வேறு பிராண்டு பெயரில் வாங்குவார். ரெண்டு சீட்டு, ரெண்டு நிறம், ரெண்டையும் ஒழுங்காப் போடுவார். கால் வீங்கும், தலை சுத்தும், அதுக்கு மூணாவது மாத்திரை வரும்.

மாசம் ஒரு நாள், வீட்டிலிருக்கற எல்லா மாத்திரையையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்க. நாட்டுமருந்து, வலி மாத்திரை, மருமகளோட மாத்திரை எதையும் விட வேண்டாம். ஒரு தாளில் நாலு பத்தி: பிராண்டு, பொதுப்பெயர், எத்தனை மி.கி., யார் கொடுத்தது. பொதுப்பெயர் ரெண்டு தடவை வந்தா வட்டம் போடுங்க. நிறுத்தறது நம்ம வேலை இல்லை. தாளோட ஆளை டாக்டர்கிட்ட அனுப்பணும், அவ்வளவுதான். அட்டையை வெட்டாம முழுசாக் கொடுக்கச் சொல்லிக் கடைக்காரர்கிட்ட கேட்டா பெரும்பாலும் கொடுப்பாங்க.

இன்சுலின் கூடத்து ஃபிரிஜ்ஜில் வைக்கறதுன்னா 2 முதல் 8 டிகிரி. ஃபிரீசரை ஒட்டின தட்டில் வைக்காதீங்க, உறைஞ்ச இன்சுலின் உருகினாலும் வேலை செய்யாது, தூக்கித்தான் போடணும்.

கிழக்கெல்லை

எல்லாருக்கும் நன்றி. பட்டியலை மாத்தி எழுதிட்டேன்: சாய்தளம், ரெண்டாவது கழிப்பறை, தண்ணிப் பரிசோதனை, ஊதிய வரி. பெயிண்டும் டிவியும் கடைசிக்குப் போயிருச்சு. ரெண்டு சந்தேகம் மீதி. படுக்கையில் இருக்கறவங்களுக்கு இந்தக் கூடம் என்ன செய்ய முடியும்? ஞாபகமறதி உள்ள ரெண்டு பேரைச் சேர்க்கலாமான்னு வீட்டார் கேக்கறாங்க, அவங்க கிளம்பிப் போயிட்டா?

ஆஷா_கிழக்கு

படுக்கையில் இருக்கறவங்களைக் கூடத்துக்குக் கொண்டுவர முயற்சி வேண்டாம். பஞ்சாயத்துப் பாலியேட்டிவ் (வலி தணிப்புப் பராமரிப்பு) நர்ஸ் வீட்டுக்கே வருவாங்க, 2008-இல் கேரளம் பாலியேட்டிவ் கொள்கை கொண்டுவந்த பிறகு இது பஞ்சாயத்து வேலையாவே ஆகியிருக்கு. கூடம் செய்யக்கூடியது, அவரைப் பார்த்துக்கற மருமகளுக்கோ மனைவிக்கோ வாரத்தில் ரெண்டு மணி நேரம் விடுதலை. பழக்கப்பட்ட ஒருத்தர் அந்த நேரம் வீட்டில் போய் உட்காரட்டும்.

ஞாபகமறதி ஆரம்ப நிலைன்னா சேர்க்கலாம், 20 பேருக்கு ரெண்டு பேர் வரைக்கும். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார வைங்க. வாசலைப் பார்த்தா கிளம்பத் தோணும். மதியம் 3 மணிக்கு மேலதான் ‘வீட்டுக்குப் போகணும்’னு எழுவாங்க. தடுத்து வாதாடாம, கூட நாலடி நடந்து டீ குடிக்கத் திருப்பிக் கூட்டிட்டு வரணும். கேட் கொக்கி வெளிப்பக்கம், கீழ்ப்பாகத்தில்.

பஸ் ஏறிட்டா பத்து நிமிஷத்தில் தமிழ்நாடு. இந்தப் பக்கம் போலீசுக்கு மலையாளம், அந்தப் பக்கம் தமிழ். அதனால அடையாள அட்டையில் ரெண்டு மொழியும் இருக்கணும்: பெயர், ‘இவருக்கு ஞாபகமறதி உண்டு, உட்கார வைத்து அழையுங்கள்’, வீட்டாரின் ரெண்டு போன் எண், கூடத்தின் எண், சாப்பிடும் மருந்தின் பொதுப்பெயர். வீட்டு முகவரி வேண்டாம், வார்டும் பஞ்சாயத்தும் போதும். காணலைன்னு தெரிஞ்ச உடனே 112, அந்த எண் ரெண்டு மாநிலத்திலும் ஒண்ணுதான். ‘எந்தப் பக்கம் போனார்’னு தேடிப் பார்த்துட்டுச் சொல்லலாம்னு ஒரு மணி நேரம் கழிக்காதீங்க. அன்னைக்கு என்ன சட்டை, என்ன புடவைன்னு காலையில் வரும்போதே பதிவேட்டில் எழுதிருங்க, தேடும்போது யாருக்கும் ஞாபகம் வராது.

வண்ணாமடை_டீச்சர்

அட்டையைச் சட்டைப்பையில் வைக்க வேண்டாம், துவைக்கும்போது போயிரும். கழுத்தில் கயிறு போட்டா கழட்டி எறிஞ்சுருவாங்க, கம்பியில் மாட்டினா இறுக்கவும் செய்யும். வெள்ளைத் துணித்துண்டில் அழியா மையில் எழுதி, தாத்தாக்களுக்குச் சட்டைக் காலருக்கு உள்பக்கமும் பாட்டிகளுக்கு ரவிக்கை உள்தையலிலும் தைச்சுருங்க. ஒருத்தருக்கு நாலு துண்டு, நாலு உடுப்புக்கு. எழுத்து நல்லா இருக்கற ஏழாங்கிளாஸ் பிள்ளைங்க ரெண்டு மொழியிலும் எழுதிக் கொடுப்பாங்க.